மின்னஞ்சலின் உள்ளே படம் செல்வது எவ்வாறு?

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – க.பொ.த. (சாதாரண தரம்)
அலகு: இணையமும் மின்னஞ்சலும் – மேலதிக விளக்கம்

மாணவர்களே, மின்னஞ்சலுடன் கோப்பு ஒன்றை இணைத்து அனுப்புவது பற்றி நீங்கள் ஏற்கனவே கற்றுள்ளீர்கள். ஆனால் வங்கி, பல்கலைக்கழகம், பாடசாலை போன்ற நிறுவனங்களிலிருந்து வரும் மின்னஞ்சல்களைத் திறந்து பாருங்கள். நிறுவனத்தின் சின்னம் இணைப்பாகக் கீழே இருப்பதில்லை. கடிதத் தலைப்பில் அச்சிட்டது போல, எழுத்துக்களின் நடுவே தோன்றுகின்றது. சில வேளைகளில் அதே இடத்தில் ஒரு வெற்றுப் பெட்டி மட்டும் தெரிகின்றது.

இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை விளங்கிக் கொண்டால் துவித எண், தரவு அலகு, எச்.ரி.எம்.எல்., நெறிமுறை ஆகிய நான்கு பாடப்பகுதிகளையும் ஒரே உதாரணத்தில் மீட்டிக் கொள்ளலாம். மேலும், பலருக்கு மின்னஞ்சல் அனுப்பும் வலைப் பிரயோகம் ஒன்றை நீங்கள் ஆக்கும்போது, முக்கியமான செய்தி பெறுநரைச் சென்றடையுமா இல்லையா என்பதும் இதிலேயே தங்கியுள்ளது.

இப்பாடம் முழுவதற்கும் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பாடசாலை ஒன்றின் வலைப் பிரயோகம் 300 பெற்றோருக்குக் கூட்ட அறிவித்தலை மின்னஞ்சலில் அனுப்புகின்றது. அதில் பாடசாலைச் சின்னமும், ஒவ்வொரு பெற்றோருக்கும் வெவ்வேறான வரவுப் பதிவுக் கியூ.ஆர். குறியீடும் இடம்பெற வேண்டும்.

1. படத்தை அனுப்பும் மூன்று முறைகள்

(அ) இணைப்பு: படம் தனிக் கோப்பாகச் செய்தியுடன் செல்லும். பெறுநர் அதனைத் திறந்து பார்க்கலாம் அல்லது சேமிக்கலாம்.

(ஆ) உட்பொதித்த படம்: படம் செய்தியுடனேயே செல்லும். ஆனால் எச்.ரி.எம்.எல். உரையில் குறிப்பிட்ட இடத்தில் காட்சிப்படுத்தப்படும்.

(இ) தொலைப்படம்: படம் செய்தியுடன் செல்வதில்லை. அது சேவையகம் ஒன்றில் இருக்கும். செய்தியில் அதன் வலை முகவரி மட்டும் இருக்கும். பெறுநர் செய்தியைத் திறக்கும்போதே படம் இணையத்தினூடாகப் பெறப்படும்.

முதல் இரண்டிலும் படம் கடித உறையினுள்ளே இருக்கின்றது. மூன்றாவதில் உறையினுள் இருப்பது "படம் இன்ன இடத்தில் உண்டு" என்ற துண்டுச் சீட்டு மாத்திரமே. இவ்வேறுபாட்டை மனதில் பதித்துக் கொள்ளுங்கள். இப்பாடத்தில் வரும் பெரும்பாலான வினாக்களுக்கு இதிலிருந்தே விடை காணலாம்.

2. எழுத்துக்களை மட்டும் அறிந்த மின்னஞ்சல்

மின்னஞ்சலை ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கடத்தும் நெறிமுறை எஸ்.எம்.ரி.பி. ஆகும். இதனை ஜொனதன் போஸ்ரல் 1982 இல் வரையறுத்து வெளியிட்டார். அக்காலத்தில் மின்னஞ்சல் என்றால் ஆங்கில எழுத்துக்களாலான செய்தி மட்டுமே. எனவே இந்நெறிமுறை 7 பிற்று அஸ்கி குறிமுறையை அடிப்படையாகக் கொண்டது. 7 பிற்றுக்களால் 128 வேறுபட்ட குறிகளை மட்டுமே குறிக்க முடியும். ஒரு வரியின் நீளமும் 1000 எழுத்துருக்களுக்கு மட்டுப்படுத்தப்பட்டிருந்தது.

படக் கோப்பு ஒன்றின் பைற்றுக்கள் 0 முதல் 255 வரையான எந்தப் பெறுமானத்தையும் கொண்டிருக்கலாம். அவை 8 பிற்றுக்கள். 7 பிற்று வழியினூடாக அவற்றை அப்படியே அனுப்பினால் தரவு சிதைந்துவிடும். தமிழ் எழுத்துக்களுக்கும் இதே சிக்கல்தான். அஸ்கியின் 128 குறிகளுள் தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை.

இதற்குத் தீர்வாக அமைந்தது மைம் எனப்படும் நியமம். நதானியல் போரென்ஸ்ரைன், நெட் ஃபிரீட் ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர். 1992 மார்ச் 11 ஆம் திகதி போரென்ஸ்ரைன் அனுப்பிய செய்தியில், தாம் அங்கம் வகித்த நால்வர் பாடற்குழுவின் படமும் அவர்கள் பாடிய ஒலிப்பதிவும் இணைக்கப்பட்டிருந்தன. மைம் நியமம் அதே ஆண்டு யூன் மாதத்தில் வெளியிடப்பட்டது.

மைம் பழைய வழியை மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏற்கனவே உலகெங்கும் இயங்கிய அஞ்சல் சேவையகங்களை மாற்றாமல், அவற்றினூடாகச் செல்லக்கூடிய எழுத்துக்களாகப் படத்தை மாற்றிக் கொடுத்தது. 8 பிற்றுக்களை ஏற்கும் விரிவுகள் பின்னர் வந்தபோதிலும், படங்கள் இன்றும் வழமையாக இம்முறையிலேயே அனுப்பப்படுகின்றன.

3. படம் எழுத்தாக மாறுதல் – அடி 64 குறிமுறை

அடி 64 குறிமுறையில் 64 குறிகள் பயன்படுகின்றன. அவை பின்வருமாறு எண்ணிடப்பட்டுள்ளன.

0 – 25 : ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் 26
26 – 51 : ஆங்கிலச் சிறிய எழுத்துக்கள் 26
52 – 61 : 0 முதல் 9 வரையான இலக்கங்கள்
62 : கூட்டல் குறி
63 : சாய்கோடு

64 என்பது 2 இன் 6 ஆம் வலு ஆகும். எனவே ஒரு குறியினால் 6 பிற்றுக்களைக் குறிக்கலாம். 3 பைற்றுக்களில் 24 பிற்றுக்கள் உள்ளன. அவற்றை ஆறு ஆறாகப் பிரித்தால் 4 குறிகள் கிடைக்கும்.

உதாரணம்: ஜே.பி.ஈ.ஜி. வகைப் படக் கோப்புக்கள் 255, 216, 255 எனும் மூன்று பைற்றுக்களுடன் ஆரம்பிக்கின்றன.

படி 1 – துவித எண்ணாக்குக:
11111111 11011000 11111111

படி 2 – ஆறு ஆறாகப் பிரிக்க:
111111 111101 100011 111111

படி 3 – பதின்ம எண்ணாக்குக:
63, 61, 35, 63

படி 4 – அட்டவணையிலிருந்து குறிகளைப் பெறுக:
சாய்கோடு, 9, சிறிய ஜே, சாய்கோடு

மின்னஞ்சலின் மூல வடிவத்தைப் பார்க்கும் வசதி உங்கள் அஞ்சல் மென்பொருளில் இருந்தால், ஜே.பி.ஈ.ஜி. படம் உள்ள செய்தி ஒன்றைத் திறந்து பாருங்கள். படப் பகுதியின் தொடக்கத்தில் இந்நான்கு குறிகளையும் காண்பீர்கள்.

கடைசியில் மூன்று பைற்றுக்கள் முழுமையாக இல்லாவிடின் வெற்றிடம் சமன் குறியால் நிரப்பப்படும். ஒரு பைற்று மட்டும் எஞ்சினால் இரண்டு சமன் குறிகளும், இரண்டு பைற்றுக்கள் எஞ்சினால் ஒரு சமன் குறியும் இடப்படும்.

கணித்தல்: பாடசாலைச் சின்னத்தின் கோப்புப் பருமன் 30 கிலோபைற்று எனின்,

30 × 1024 = 30 720 பைற்றுக்கள்
30 720 ÷ 3 = 10 240 தொகுதிகள்
10 240 × 4 = 40 960 குறிகள் = 40 கிலோபைற்று

அதாவது பருமன் மூன்றில் ஒரு பங்கால் அதிகரிக்கின்றது. ஒரு வரியில் 76 குறிகளுக்கு மேல் இருத்தலாகாது என்பதால் 539 வரிகள் தேவைப்படும். வரி முடிவுக் குறிகளையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 41 கிலோபைற்று ஆகும்.

குறிப்பு: அடி 64 என்பது மறைகுறியாக்கம் அன்று. அட்டவணை எல்லோருக்கும் தெரிந்ததே. எவரும் அதனை மீண்டும் படமாக மாற்றலாம். எனவே இது தரவுக்கு எவ்விதப் பாதுகாப்பையும் வழங்காது. பரீட்சார்த்திகள் பலர் தவறும் இடம் இது.

4. செய்தியின் அமைப்பு – பெயரிட்டு அழைத்தல்

படம் எழுத்தாகிவிட்டது. ஆனால் அது உரையின் சரியான இடத்தில் தோன்றுவது எவ்வாறு? இதற்காக மைம் நியமம் செய்தியைப் பல பகுதிகளாகப் பிரிக்கின்றது. பகுதிகளுக்கு இடையில் எல்லைச் சரம் எனப்படும் ஒரு வரி இடப்படும். ஒவ்வொரு பகுதியின் ஆரம்பத்திலும் அது எவ்வகைத் தரவு, எந்தக் குறிமுறையில் உள்ளது என்பன எழுதப்பட்டிருக்கும்.

எமது அறிவித்தலின் அமைப்பு பின்வருமாறு:

செய்தித் தலைப்பு – அனுப்புநர், பெறுநர், விடயம், திகதி
தொடர்புடைய பல்பகுதி
– மாற்றுப் பல்பகுதி
– – சாதாரண உரை
– – எச்.ரி.எம்.எல். உரை
– பாடசாலைச் சின்னம் (படம் 1)
– கியூ.ஆர். குறியீடு (படம் 2)

மாற்றுப் பல்பகுதி என்பது ஒரே செய்தியின் இரு வடிவங்கள் ஆகும். எளிய வடிவம் முதலிலும் சிறந்த வடிவம் இறுதியிலும் வைக்கப்படும். பெறுநரின் மென்பொருள் தன்னால் காட்டக்கூடிய கடைசி வடிவத்தைத் தெரிவு செய்யும். தொடர்புடைய பல்பகுதி என்பது ஒன்றையொன்று சார்ந்து ஒரே பக்கமாகக் காட்டப்பட வேண்டிய பகுதிகளின் கூட்டம் ஆகும்.

ஒவ்வொரு படப் பகுதிக்கும் உள்ளடக்க அடையாளம் எனும் பெயர் இடப்படும். இது மின்னஞ்சல் முகவரி போன்ற வடிவில், கோண அடைப்புக்குள் எழுதப்படும். எச்.ரி.எம்.எல். உரையில் படத்தைக் காட்டப் பயன்படும் ஐ.எம்.ஜி. ஒட்டின் எஸ்.ஆர்.சி. பண்பில் வலை முகவரி எழுதுவதற்குப் பதிலாக, சி.ஐ.டி. எனும் மூன்று எழுத்துக்களும் முக்காற்புள்ளியும் இட்டு, அதனைத் தொடர்ந்து அவ்வடையாளத்தை எழுத வேண்டும். பெறுநரின் மென்பொருள் இதனைக் கண்டதும் இணையத்துக்குச் செல்லாது. அதே செய்தியினுள் அப்பெயருடைய பகுதியைத் தேடி, அதனைப் படமாக மாற்றி, அவ்விடத்தில் காட்டும்.

கவனிக்க வேண்டியவை:

• பகுதியின் தலைப்பில் அடையாளம் கோண அடைப்புக்குள் இருக்கும். எஸ்.ஆர்.சி. பண்பில் கோண அடைப்பு இடுதல் கூடாது.
• இரண்டு இடங்களிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும்.
• ஒரே செய்தியில் இரு படங்களுக்கு ஒரே அடையாளம் இடுதலாகாது.
• படப் பகுதியின் காட்சி முறை "உள்ளே காட்டுக" என்பதைக் குறிக்கும் இன்லைன் எனக் குறிப்பிடப்படல் வேண்டும். அட்டாச்மென்ட் எனக் குறிப்பிட்டால் சில மென்பொருள்கள் படத்தை இணைப்பாகக் கீழே காட்டும்.

5. வலைப் பிரயோகம் இதனைச் செய்யும் படிமுறை

இவை அனைத்தையும் செய்நிரலாளர் கையால் எழுத வேண்டியதில்லை. உதாரணமாக, பி.எச்.பி. மொழியில் ஆக்கப்படும் பிரயோகங்களில் பி.எச்.பி.மெய்லர் எனும் நூலகம் பயன்படுகின்றது. அதில் படக் கோப்பின் இடத்தையும் அதற்கான அடையாளத்தையும் கொடுத்தால், குறிமுறையாக்கத்தையும் பகுதிகளின் ஒழுங்கமைப்பையும் நூலகமே செய்யும். படிமுறை வருமாறு:

1. தரவுத்தளத்திலிருந்து பெற்றோரின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் பெறுக.
2. அப்பெற்றோருக்குரிய கியூ.ஆர். குறியீட்டை ஆக்குக.
3. சாதாரண உரையையும் எச்.ரி.எம்.எல். உரையையும் தயாரிக்க.
4. சின்னத்தையும் குறியீட்டையும் வெவ்வேறு அடையாளங்களுடன் உட்பொதிக்க.
5. அஞ்சல் சேவையகத்துக்கு அனுப்புக.
6. அடுத்த பெற்றோருக்கு 1 ஆம் படியிலிருந்து மீளச் செய்க.

புதிய செய்நிரலாளர்களிடம் அதிகம் காணப்படும் வழு இரண்டு உண்டு.

முதலாவது, வலைப்பக்கத்தில் பயன்படுத்திய சார்பு முகவரியை மின்னஞ்சலிலும் அப்படியே எழுதுதல். "படங்கள் எனும் கோப்புறையிலுள்ள சின்னம்" என்று வலைப்பக்கத்தில் எழுதினால், மேலோடி அதனை அதே வலைத்தளத்தில் தேடும். மின்னஞ்சலோ எந்த வலைத்தளத்தினுள்ளும் இல்லை. எனவே படம் கிடைக்காது. செய்நிரலாளர் தம் சொந்தக் கணினியின் முகவரியை எழுதியிருந்தால் நிலைமை இன்னும் ஏமாற்றும். அவரது கணினியில் படம் சரியாகத் தோன்றும், 300 பெற்றோரின் திரைகளிலும் வெற்றுப் பெட்டியே தோன்றும். ஆகவே பரீட்சார்த்த மின்னஞ்சலை எப்போதும் வேறொரு கணினியிலும் கைத்தொலைபேசியிலும் திறந்து பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, அடி 64 எழுத்துக்களை எஸ்.ஆர்.சி. பண்பினுள்ளேயே நேரடியாக எழுதுதல். இது தரவு முகவரி எனப்படும். வலைப்பக்கங்களில் இது இயங்கும். ஆனால் ஜீமெயில் போன்ற அஞ்சல் சேவைகள் இவ்வாறு எழுதிய படத்தைக் காட்டுவதில்லை. இது எச்.ரி.எம்.எல். உரையின் பருமனையும் பெருக்கிவிடும். மேலோடியில் தெரிவதெல்லாம் மின்னஞ்சலிலும் தெரியும் என்று கருதுதல் தவறாகும்.

6. எந்த முறையை எப்போது தெரிவு செய்வது?

உட்பொதித்த படத்தின் நன்மைகள்: படம் செய்தியுடனேயே இருப்பதால், செய்தி முழுமையாகப் பெறப்பட்ட பின் இணையத் தொடர்பு இல்லாதபோதும் பார்க்கலாம். சேவையகத்திலிருந்து படம் நீக்கப்பட்டாலும் பாதிப்பில்லை. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறான படத்தை வெளியே வைக்காமல் அனுப்பலாம்.

தீமைகள்: ஒவ்வொரு செய்தியின் பருமனும் அதிகரிக்கும். 40 கிலோபைற்றுச் சின்னத்தை 300 பேருக்கு அனுப்பினால் 12 000 கிலோபைற்று, அதாவது ஏறத்தாழ 11.7 மெகாபைற்று, அனுப்பப்பட வேண்டும். இச்சின்னம் அனைவருக்கும் ஒன்றே என்றாலும் 300 பிரதிகள் செல்கின்றன. பெறுநர் தரவுக்குப் பணம் செலுத்திக் கைத்தொலைபேசியில் பார்ப்பவராயின், அவரது தரவும் செலவாகும்.

தொலைப்படத்தில் செய்தி சிறியது. சேவையகத்தில் ஒரு பிரதி போதும். ஆனால் இரண்டு குறைபாடுகள் உள்ளன. அவுட்லுக் மென்பொருள் 2003 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து தொலைப்படங்களை இயல்பாகவே தடுத்துவிடுகின்றது. பெறுநர் அனுமதித்தால் மட்டுமே அவை தோன்றும். அடுத்தது அந்தரங்கம் பற்றியது. பெறுநர் செய்தியைத் திறக்கும் கணத்தில் அவரது கருவி சேவையகத்திடம் படத்தைக் கேட்கின்றது. எந்நேரத்தில், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து கேட்கப்பட்டது என்பதைச் சேவையகம் பதிவு செய்யலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் அளவுப் படத்தை வைத்து விளம்பர நிறுவனங்கள் பெறுநர்களைக் கண்காணிப்பது இவ்வாறே. இதனாலேயே ஜீமெயில் 2013 டிசெம்பரில் படங்களைத் தன் சொந்தச் சேவையகங்களினூடாகப் பெற்றுக் காட்டத் தொடங்கியது. அப்பிள் நிறுவனம் 2021 இல் தன் அஞ்சல் மென்பொருளில் இதற்கான பாதுகாப்பைச் சேர்த்தது.

எமது உதாரணத்துக்குப் பொருத்தமான தெரிவு யாது? கியூ.ஆர். குறியீடு ஒருவருக்கு மட்டும் உரியது. வாயிலில் இணையத் தொடர்பு இல்லாவிடினும் தேவைப்படுவது. பருமனும் சிறியது. 3 கிலோபைற்றுக் கோப்பு 4 கிலோபைற்று ஆகும், அவ்வளவே. எனவே அதனை உட்பொதித்தல் வேண்டும். சின்னத்தின் பருமனை முதலில் குறைத்துக்கொண்டு அதனையும் உட்பொதிக்கலாம். அனைவருக்கும் பொதுவான பெரிய புகைப்படம் எனின் தொலைப்படமே பொருத்தமானது. பெறுநர் சேமித்து வைக்க வேண்டிய ஆவணம் எனின் இணைப்பே பொருத்தமானது.

7. எதனைப் படமாக்குதல் கூடாது?

பாமினி போன்ற எழுத்துருக்கள் பரவலாகப் பயன்பட்ட காலத்தில், பெறுநரின் கணினியில் அதே எழுத்துரு இல்லாவிடின் தமிழ்க் கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றியது. ஆகவே பலர் தமிழ் அறிவித்தலைப் படமாக்கி அனுப்பினர். அன்று அதற்கு நியாயம் இருந்தது. யூனிக்கோட் பரவிய பின்னர் அந்தக் காரணம் இல்லை. ஆயினும் அப்பழக்கம் இன்னும் தொடர்கின்றது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். யு.ரி.எஃப். 8 குறிமுறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைற்றுக்கள் தேவை. "அம்மா" எனும் சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறிகள் உள்ளன. எனவே 15 பைற்றுக்கள் போதும். 1000 குறிகள் கொண்ட அறிவித்தல் 3000 பைற்றுக்களே. அதே அறிவித்தலை வருடியினால் படமாக்கினால் இதனைப் பல மடங்கு விஞ்சும். பருமன் மட்டுமா? படம் தடுக்கப்பட்டால் கூட்டத்தின் திகதியும் நேரமும் பெற்றோருக்குத் தெரியாமலே போகும். பின்னர் அச்செய்தியைத் தேடினாலும் கிடைக்காது. பார்வையற்ற ஒருவரின் திரை வாசிப்பு மென்பொருளால் சாதாரண உரையை உரத்து வாசிக்க முடியும். படத்திலுள்ள எழுத்துக்களை அது உரையாகப் பெறுவதில்லை.

எனவே திகதி, நேரம், இடம், பெயர், தொகை போன்றவை எப்போதும் உரையாகவே இருத்தல் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஐ.எம்.ஜி. ஒட்டின் ஏ.எல்.ரி. பண்பில் மாற்று உரை எழுதுதல் வேண்டும். கியூ.ஆர். குறியீட்டின் கீழ் அதே இலக்கத்தை எழுத்திலும் தருதல் வேண்டும். அப்போது படம் தோன்றாவிடினும் அந்தப் பெற்றோர் வாயிலில் நின்று தடுமாற மாட்டார்.

மீட்டல்

• மின்னஞ்சலில் படம் எழுத்தாகவே பயணம் செய்கின்றது. 3 பைற்றுக்கள் 4 குறிகளாகின்றன.
• உட்பொதித்த படம் செய்தியின் உள்ளேயும், தொலைப்படம் சேவையகத்திலும் இருக்கும்.
• உள்ளடக்க அடையாளமே உரையையும் படத்தையும் இணைக்கின்றது.
• படமின்றியும் செய்தி விளங்க வேண்டும்.

மாதிரி வினாக்கள்

1. இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்ட பின்னரும், முழுமையாகப் பெறப்பட்ட மின்னஞ்சல் ஒன்றின் உரை நடுவே படம் தோன்றுகின்றது. அப்படம் பெரும்பாலும்
(1) தொலைப்படம் (2) உட்பொதித்த படம் (3) சார்பு முகவரியிலுள்ள படம் (4) மறைகுறியாக்கிய படம்

2. பி.என்.ஜி. வகைக் கோப்பின் முதல் மூன்று பைற்றுக்கள் 137, 80, 78 ஆகும். அடி 64 குறிமுறையில் இவற்றுக்குரிய நான்கு எண்களையும் காண்க.

3. 100 பைற்றுப் பருமனுடைய கோப்பு, அடி 64 இல் எத்தனை குறிகளைப் பெறும்? இறுதியில் எத்தனை சமன் குறிகள் இருக்கும்? (வரி முடிவுகளைப் புறக்கணிக்க.)

4. செய்நிரலாளரின் கணினியில் தோன்றும் சின்னம் பெறுநர்களிடம் வெற்றுப் பெட்டியாகத் தோன்றுகின்றது. ஒரு காரணமும் இரு தீர்வுகளும் தருக.

விடைக் குறிப்பு

1. (2)

2. 10001001 01010000 01001110 → 100010 010101 000001 001110 → 34, 21, 1, 14

3. 99 பைற்றுக்கள் 33 தொகுதிகள். எஞ்சிய 1 பைற்றுக்கு மேலும் ஒரு தொகுதி. 34 × 4 = 136 குறிகள். இரண்டு சமன் குறிகள்.

4. காரணம்: படத்தின் முகவரி செய்நிரலாளரின் கணினியையே சுட்டுகின்றது. தீர்வுகள்: படத்தை உள்ளடக்க அடையாளத்துடன் உட்பொதித்தல், படத்தைப் பொதுச் சேவையகத்தில் வைத்து முழுமையான வலை முகவரியை எழுதுதல்.

நான்காம் வினாவுக்கு "இணையம் மெதுவானது" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடைக்காது. படம் எங்கே இருக்கின்றது என்பதைக் குறிப்பிட்டு விடையை ஆரம்பியுங்கள்.